கெட்டியும் மூணு கம்பியும்

டிஸ்கி: இது கொசுவத்தி சுத்தற பதிவு. பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம். நடுவுல பின் நம்பர், கம்பி, சால்டரிங்னு கொஞ்சம் வரும், பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிருங்க. அதுக்கப்புறம் ஒரு பஞ்சாயத்து இருக்கு.

லினக்ஸ் பொட்டி வெச்சிருக்கிறவங்க ஒரு தடவை 'டெவ்' அடைவுக்குள்ள எட்டிப் பாருங்க. டிடிஒய்-னு ஆரம்பிக்கிற பேருங்க ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையா நிக்கும். டிடிஒய்னா டெலிடைப்ரைட்டர். தந்தி ஆபீஸ் சாமான். யுனிக்ஸை எழுதின கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1970 வாக்குல உக்காந்து தட்டினது டெலிடைப் மாடல் 33-ங்கற மெஷின்ல. திரை கிடையாது, பேப்பர்தான். செகண்டுக்கு பத்து எழுத்து, டொக் டொக்னு அடிக்கும். அந்த மெஷின் செத்து, காயலான் கடைக்குப் போய், உருக்கி வேற ஏதோ ஆகியிருக்கும். பேரு மட்டும் இன்னும் உங்க லேப்டாப்புக்குள்ள உக்காந்திருக்கு. நீங்க திறக்கற கறுப்பு ஜன்னல் ஒவ்வொண்ணும், கர்னலைப் பொறுத்தவரைக்கும் ஒரு டெலிடைப்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல அந்த டெலிடைப் இல்ல, ஆனா அதோட புள்ளைங்க இருந்தாங்க. டம்ப் டெர்மினல். தொண்ணூறுகள்ல பேங்க்லயோ மில் ஆபீஸ்லயோ பச்சை எழுத்து மின்னற குட்டித் திரையைப் பாத்திருக்கீங்களா? அதேதான். அதுக்குள்ள மூளை ஒண்ணும் பெருசா கிடையாது. ஹார்ட் டிஸ்க் கிடையாது. கீபோர்டுல தட்டினதைக் கம்பி வழியா அனுப்பும், கம்பி வழியா வர்றதைத் திரையில போடும். அவ்வளவுதான் சோலி. ஏ.சி. ரூம்ல ஒரே ஒரு 486 பொட்டி, 16 எம்பி மெமரி, அதுல எஸ்சிஓ யுனிக்ஸ். அதோட முதுகுல ஒரு மல்டிபோர்ட் கார்டு. அங்கேருந்து ஆபீஸ் முழுக்க பன்னெண்டு டெர்மினல். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கற விலையை நினைச்சுப் பாத்தா, இது கல்யாண வீட்டுல ஒரே அண்டாவுல எல்லாருக்கும் சாம்பார் வைக்கற மாதிரி. சிக்கனம்.

மதுரையில ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனி. (பேரு வேணாம், இப்ப இல்லவும் இல்ல.) ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், அஞ்சாறு டிபி25 கனெக்டர், ஒரு கத்தை மேனுவல் ஜெராக்ஸ். இதுதான் எங்க பை. புதுசா ஒரு டெர்மினலை மாட்டி, அதுல 'லாகின்'ங்கற வார்த்தையை வரவைக்கறதுதான் எனக்குக் குடுத்த முதல் பாடம்.

இப்ப யுஎஸ்பி-யில எதைச் சொருகினாலும் 'டிங்'னு சத்தம் போட்டு வேலை செய்யுதில்ல, அப்ப அப்படிக் கிடையாது. கம்பியோட மறுமுனையில என்ன இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. அது என்ன வேகத்துல பேசும், எத்தனை வரி திரை, அழிக்கணும்னா என்ன சொல்லணும், ஆளு இருக்கா இல்லையா, எல்லாத்தையும் நாமதான் எழுதி வெக்கணும். நாம என்ன எழுதி வெச்சாலும் அது நம்பும்.

முதல்ல வேகம். 9600 பாட். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், இல்லேன்னா திரையில நாய் குலைச்ச மாதிரி கன்னாபின்னான்னு குறியீடா வரும். ஒரு எழுத்துக்கு முன்னாடி ஒரு பிட், பின்னாடி ஒரு பிட் சேத்து பத்து பிட். அப்ப செகண்டுக்கு 960 எழுத்து. எண்பதுக்கு இருபத்துநாலு திரைன்னா 1920 எழுத்து. ஒரு முழுத் திரையை நிரப்ப ரெண்டு செகண்டு! அதனாலதான் அந்தக் கால நிரல்கள் திரையில மாறின இடத்தை மட்டும் தொட்டுட்டு வரும். இன்னிக்கு ஒரு பட்டனை அமுக்க நாலு எம்பி இறக்கற பக்கங்களைப் பாக்கும்போது வயிறு எரியுது.

அடுத்தது, திரையை எப்படி அழிக்கறது? இங்கதான் கூத்து. ஒவ்வொரு கம்பெனி டெர்மினலும் ஒவ்வொரு பாஷை. லியர் சீக்லர் கம்பெனியோட ஏடிஎம்-3ஏ-வுக்கு கன்ட்ரோல்-இசட் அனுப்பினா அழியும். டிஜிட்டல் கம்பெனி 1978-ல விட்ட விடி100-க்கு எஸ்கேப் போட்டு, ஒரு சதுர அடைப்பைத் திறந்து, ரெண்டு போட்டு, ஜே அனுப்பணும். நிரல் எழுதறவன் எத்தனை பாஷை கத்துக்குவான்? பெர்க்லியில பில் ஜாய்னு ஒரு புண்ணியவான். வி-ஐ எடிட்டரை எழுதினவர். அவர் 1978-ல டெர்ம்கேப்னு ஒரு கோப்பு ஏற்பாடு பண்ணினார். டெர்மினலுக்கு ஒரு பத்தி. சிஎல்-னா அழிக்க என்ன, சிஎம்-னா கர்சரை நகர்த்த என்ன, சிஓ-னா எத்தனை பத்தி, எல்ஐ-னா எத்தனை வரி. நிரல் அந்தப் பத்தியைப் படிச்சுட்டு பேசிக்கும். எண்பதுகள் தொடக்கத்துல மார்க் ஹார்ட்டன் அதையே இன்னும் வேகமாப் படிக்கற மாதிரி டெர்மின்ஃபோவா மாத்தினார். இன்னிக்கும் அதுதான் ஓடுது.

(வி-ஐ எடிட்டர்ல ஏன் ஹெச், ஜே, கே, எல் வெச்சு நகர்றோம்னு கேப்பாங்கல்ல? பில் ஜாய் உக்காந்திருந்த ஏடிஎம்-3ஏ கீபோர்டுல அம்புக்குறி தனியா கிடையாது, அந்த நாலு எழுத்து மேலதான் அச்சடிச்சிருந்தது. யாரோ ஒரு கம்பெனி கீபோர்டுல காசு மிச்சம் பிடிச்சதுக்கு நாம அம்பது வருஷமா விரலை வளைச்சுக்கிட்டிருக்கோம்.)

எந்தக் கம்பியில எந்த டெர்மினல்னு சொல்றது டிடிஒய்டைப்-னு ஒரு கோப்பு. அதுல தப்பா இருந்தா மெனு எல்லாம் கோணலா வரும், எஃப்-1 அமுக்கினா குப்பை வரும். மேசையை மாத்திப் போடற மேனேஜர்கள் இந்தக் கோப்போட பரம எதிரிகள். "சன்னல் ஓரமா உக்காந்துக்கறேன்"னு ஒருத்தர் டெர்மினலைத் தூக்கிட்டுப் போனார்னா மறுநாள் எங்களுக்கு போன் வரும்.

கடைசியா நம்ம ஹீரோ. கெட்டி. கெட், டிடிஒய் ரெண்டையும் சேத்தா வர்ற பேரு, தமிழ்ல படிச்சாலும் பொருத்தமாத்தான் இருக்கு. பொட்டி எழுந்ததும் இனிட்-ங்கற தாய்ச்செயலி இனிட்டேப் கோப்பைப் படிச்சு, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கெட்டியை உக்கார வைக்கும். கெட்டி அந்தக் கம்பியைத் திறந்து, வேகத்தை அமைச்சு, 'லாகின்'னு போட்டுட்டு வாசல்ல திண்ணையில காவல்காரன் மாதிரி காத்திருக்கும். யாராவது பேரைத் தட்டினா லாகின் நிரல்கிட்ட கையப் பிடிச்சுக் குடுத்துரும். அது பாஸ்வேர்டு கேட்டு, சரின்னா ஷெல்லைக் குடுக்கும். வேலை முடிஞ்சு ஷெல் செத்தா, இனிட் மறுபடி ஒரு கெட்டியை உக்கார வைக்கும். சுத்திச் சுத்தி இதேதான்.

இப்ப கவனமாக் கேளுங்க. 'வேலை முடிஞ்சு ஷெல் செத்தா'ன்னு சொன்னேன்ல? முடிஞ்சதுன்னு யார் சொல்லணும்? ஆளு எக்ஸிட்னு அடிக்கணும். அடிக்காம டெர்மினல் சுவிட்சை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா?

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம்.

1997. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிப் போகணும். (போகும்போது பால்கோவா வாங்கக் கூடாது, வரும்போதுதான் வாங்கணும்னு ஒரு சீனியர் எனக்குச் சொல்லிக் குடுத்தார். தொழில் ரகசியம்.) டெர்மினல் வயரிங்கை எங்க ஆளுங்க போடலை, வேற ஒரு கான்ட்ராக்டர். எங்களுக்கு ஏ.எம்.சி. மட்டும், அதுவும் அந்த மாசம்தான் கை மாறி வந்திருந்தது. போன்ல சொன்ன புகார்: "காலைல வந்தா ரெண்டு டெர்மினல் பூட்டிக் கிடக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சிஸ்டம் ஆமை மாதிரி போகுது."

போனா மேனேஜர் ரூமுக்குள்ள கூப்பிட்டு கதவைச் சாத்தினார்.

"தம்பி, வெளிய சொல்லாத. ராத்திரி எவனோ பாஸ்வேர்டு போட்டுப் போட்டுப் பாக்குறான். நம்ம பழைய இன்ஜினியர் சொன்னாரு, தப்புத் தப்பா பாஸ்வேர்டு போட்டாத்தான் டெர்மினல் பூட்டும்னு."

அது உண்மைதான். எஸ்சிஓ-வுல பாதுகாப்பு ஜாஸ்தி. தொடர்ந்து லாகின் தப்பாப் போனா அந்த டெர்மினலையே பூட்டிரும், நிர்வாகி வந்து திறந்து விடணும்.

"அதுமட்டுமில்ல. போன செவ்வாக்கிழமை ராத்திரி எட்டு பத்துக்கு அட்வான்ஸ் என்ட்ரி ஒண்ணு விழுந்திருக்கு. நாலாயிரம் ரூவா. அந்தப் பேருல ஆளு வேலையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. யார் போட்டதுன்னு பாத்தா அக்கவுண்ட்ஸ் அம்மாவோட ஐடி."

வெளிய கண்ணாடி வழியா காட்டினார். நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒயர்கூடை, மேசையில சின்னப் பிள்ளையார். பன்னெண்டு வருஷமா அங்க வேலையாம். சனிக்கிழமை சம்பளம், அன்னிக்கு வியாழன். சனிக்கிழமைக்குள்ள விசாரணையை முடிச்சு 'கணக்கை செட்டில் பண்ணி அனுப்பிரலாம்'னு முடிவே ஆன மாதிரித்தான் பேசினார்.

"அவங்க என்ன சொல்றாங்க சார்?"

"ஆறு மணிக்கு சுவிட்சை அணைச்சுட்டுக் கெளம்பிட்டேங்குது. ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா தம்பி?"

எனக்கு அப்ப இருபத்துமூணு வயசு. என்னைக் கூப்பிட்டது சிஸ்டம் மெதுவாப் போறதுக்கு. "பாக்கறேன் சார்"னு சொல்லிட்டு பையைத் தூக்கிட்டு ஏ.சி. ரூமுக்குப் போயிட்டேன்.

முதல்ல செயலிப் பட்டியலைப் பாத்தேன். பகல்ல ஒண்ணும் தெரியலை. ஆறு மணிக்கு ஒவ்வொருத்தரா டெர்மினலை அணைச்சுட்டுக் கெளம்ப, வேடிக்கை ஆரம்பிச்சது. ரெண்டு கம்பியில கெட்டி, லாகின், கெட்டி, லாகின்னு மாறி மாறிப் பிறந்து செத்துக்கிட்டே இருக்கு. பேய் பிடிச்ச மாதிரி. அந்த ரெண்டு டெர்மினலும் அணைஞ்சு கிடக்கு, பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல!

நடந்தது என்னன்னா, ரெண்டு கம்பியும் மில்லுக்குள்ள இருக்கற டைம் ஆபீஸ் வரைக்கும் போகுது. அம்பது அறுபது மீட்டர் இருக்கும். இந்த வகை கனெக்ஷனுக்கு ஆதியில போட்ட கணக்கு பதினஞ்சு மீட்டர். அதுக்கு மேலயும் ஓடும், யாரும் மதிக்கறதில்ல, ஆனா கேபிள் நல்லா இருக்கணும். இங்க ஷீல்டு இல்லாத சாதாரண கேபிளை மோட்டாருக்குப் போற கரண்ட் கம்பியோட ஒரே குழாய்ல விட்டிருந்தாங்க. டெர்மினல் ஆன்ல இருக்கற வரைக்கும் கம்பி ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சிருக்கும். அணைச்சா, ஒரு முனை அந்தரத்துல தொங்கும். அப்ப கெட்டி 'லாகின்'னு அனுப்பற சத்தம் பக்கத்துக் கம்பியில ஒட்டிக்கிட்டு அதுக்கே திரும்பி வரும். கெட்டி என்ன நினைக்கும்? யாரோ பேரைத் தட்டறாங்கன்னு. 'லாகின்'ங்கற பேருல ஒருத்தர் வந்திருக்கார்னு லாகின் நிரல்கிட்ட அனுப்பும். அது பாஸ்வேர்டு கேக்கும். அந்தக் கேள்வியே பதிலா எதிரொலிச்சு வரும். தப்பு! மறுபடி. ராத்திரி பூரா கிணத்துக்குள்ள தலையை விட்டுக் கத்தி, தன் குரலுக்குத் தானே பதில் சொல்ற மாதிரி. கொஞ்ச நேரத்துல பாதுகாப்பு விழிச்சுக்கிட்டு டெர்மினலைப் பூட்டிரும்.

ஆக ராத்திரி பாஸ்வேர்டு போட்டுப் பாத்த திருடன் கெட்டியேதான்.

மேனேஜர் கேட்ட ஒரு விஷயம் முடிஞ்சது. ரெண்டாவது விஷயத்தை யாரும் என்னைக் கேக்கலை. ஆனா யாரெல்லாம் உள்ள இருக்காங்கன்னு 'ஹூ' கட்டளை போட்டுப் பாத்தப்ப மணி ஏழு. ஆபீஸ்ல நானும் வாட்ச்மேனும்தான். திரையில ஏழு பேர் உள்ள இருக்காங்க. அதுல அக்கவுண்ட்ஸ் அம்மாவும் ஒருத்தர், காலைல ஒன்பது மணிக்கு வந்தவங்களா.

சர்வர் பக்கத்துக் கனெக்டர் ஒண்ணைக் கழட்டி மூடியைத் திறந்தேன். 25 பின்ல மூணுலதான் கம்பி. 2 அனுப்ப, 3 வாங்க, 7 பூமி. பேசறதுக்கு இந்த மூணு போதும், சந்தேகமே இல்ல. ஆனா 20-னு ஒரு பின் இருக்கு: 'நான் ஆன்ல இருக்கேன்'னு டெர்மினல் கை தூக்கற பின். அந்தக் கம்பி வந்து கம்ப்யூட்டர் பக்கம் 8-ல சேரணும்: 'மறுமுனையில ஆள் இருக்கு'ன்னு அது தெரிஞ்சுக்கற பின். கான்ட்ராக்டர் அந்தக் கம்பியை இழுக்கவே இல்ல. அதுக்குப் பதிலா கனெக்டர் மூடிக்குள்ளேயே 6, 8, 20 மூணையும் ஒரு துண்டுக் கம்பியால சேத்து சால்டர் பண்ணியிருந்தார். அதாவது கம்ப்யூட்டர் தூக்கற கையை அதுக்கே காட்டி, 'பாரு, மறுமுனையில ஆள் எப்பவும் இருக்கு'ன்னு நம்ப வைக்கறது. ஊரு பூரா செய்யற வித்தைதான். கேபிள்ல ஆறு கோர் இருந்தது. மூணை வெட்டி விட்டிருந்தார். ஒரு கனெக்டருக்கு ரெண்டு நிமிஷ சால்டரிங் மிச்சம்.

மென்பொருள் பக்கமும் இதுக்கு ஜோடி உண்டு. எஸ்சிஓ-வுல ஒரே கம்பிக்கு ரெண்டு பேரு. கடைசி எழுத்து சின்ன ஏ-வா இருந்தா 'எட்டாம் பின்னைப் பாக்காதே, ஆள் இருக்கறதா வெச்சுக்கோ'ன்னு அர்த்தம். பெரிய ஏ-ன்னா, எட்டாம் பின்னைப் பாரு. ஆள் வரலேன்னா கெட்டி திறக்காமத் தூங்கட்டும். ஆள் போயிட்டா அந்த ஷெல்லைக் கொன்னுரு. இனிட்டேப்ல பன்னெண்டு வரியும் சின்ன எழுத்து.

அப்ப சுவிட்சை அணைச்சா என்ன ஆகும்? திரை அணையும். கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தம்மாவோட மெனு அப்படியே உயிரோட, யாராவது வந்து தட்டுவாங்களான்னு காத்துக்கிட்டிருக்கும். ராத்திரி ஷிப்ட்ல யார் வந்து சுவிட்சைப் போட்டாலும், பேரும் வேணாம் பாஸ்வேர்டும் வேணாம், நேரா அக்கவுண்ட்ஸ் மெனு.

மறுநாள் காலைல மேனேஜரை அந்த மேசைக்கே கூட்டிட்டு வந்தேன். அந்தம்மா பக்கத்துல நின்னாங்க, யாரையும் பாக்காம. மேனேஜரையே அவர் பேருல லாகின் பண்ணச் சொன்னேன். அவர் கையாலேயே சுவிட்சை அணைக்கச் சொன்னேன்.

"இப்ப நீங்க வெளிய போயிட்டீங்களா சார்?"

"ஆமா, அணைச்சாச்சே."

எல்லாரும் ஒரு டீ குடிச்சோம். அப்புறம் ஆபீஸ் பையனை விட்டு சுவிட்சைப் போட்டு, ஒரு என்டர் தட்டச் சொன்னேன். மேனேஜரோட மெனு பச்சையா வந்து நின்னுச்சு. பையன் பயந்து போய் கையை எடுத்துட்டான்.

ரொம்ப நேரம் யாரும் பேசலை. அப்புறம் அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப அந்த என்ட்ரியை இவங்க போடலேங்கறியா?"

"அது எனக்குத் தெரியாது சார். யார் போட்டதுன்னு இந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதை வெச்சு யாரையும் சொல்ல முடியாதுன்னுதான் சொல்றேன்."

எனக்கு அதுக்கு மேல சொல்ல உரிமை இல்ல. அவங்க நல்லவங்கன்னு நான் எப்படிச் சொல்றது, முந்தின நாள்தான் பாத்தேன். ஆனா லாக்ல ஒருத்தர் பேர் இருக்குங்கறதும், அந்த ஆள் அங்க இருந்தார்ங்கறதும் ஒண்ணில்ல. நடுவுல ஒரு கம்பி இருக்கு. அந்தக் கம்பியை எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்காம லாக்கைப் படிக்கக் கூடாது. இதை நான் அப்புறம் எத்தனையோ இடத்துல, எத்தனையோ பெரிய பெரிய லாக்குகளை வெச்சு நடந்த மீட்டிங்குகள்ல நினைச்சிருக்கேன். யாராவது "சிஸ்டம்ல காட்டுதே"ன்னு ஆரம்பிச்சா, எனக்கு அந்தத் துண்டுக் கம்பிதான் கண்ணுல தெரியும்.

விசாரணையை விட்டுட்டாங்க. யார் போட்டாங்கன்னு கண்டுபிடிச்சாங்களான்னு நான் கேட்டுக்கலை. நாலாயிரம் ரூவா பட்டுவாடா ஆகறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டதால காசு போகலை.

வெள்ளிக்கிழமை பகலும் ராத்திரியும் எனக்கு சால்டரிங்தான். பன்னெண்டு கேபிள், இருபத்துநாலு தலை. வெட்டி விட்ட கோரைத் தேடி எடுத்து 20-லேருந்து 8-க்கு இழுத்து, துண்டுக் கம்பியைப் பிடுங்கி, மல்டிமீட்டர் வெச்சு ஒவ்வொண்ணா பீப் கேட்டு. டைம் ஆபீஸ் கேபிளை மட்டும் கரண்ட் குழாய்லேருந்து பிரிச்சு மேல சுவரோரமா ஆணி அடிச்சுக் கொண்டு போனோம். (ஆணி புடுங்கறதுன்னு இப்ப சொல்றோம், அன்னிக்கு நிஜமாவே அடிச்சேன்.) இனிட்டேப்ல பன்னெண்டு எழுத்தைச் சின்னதுலேருந்து பெருசாக்கினேன். அதோட நிறுத்தினா ஆபத்து. எஸ்சிஓ-வுல கர்னலை மறுபடி கட்டினா இனிட்டேப் புதுசா எழுதப்படும், நம்ம மாத்தினது காணாமப் போயிரும். அது எந்தக் கோப்புலேருந்து பிறக்குதோ அந்த மூலக் கோப்புலயும் மாத்தணும். மாத்திட்டு இனிட்டை 'மறுபடி படி'ன்னு சொன்னேன்.

விடிகாலை நாலு மணிக்கு சோதனை. டெர்மினலைப் போட்டா புதுசா 'லாகின்'. உள்ள போய், சுவிட்சை அணைச்சு, ஓடி வந்து சர்வர்ல 'ஹூ' போட்டா, ஆள் இல்ல. சுத்தம். ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடிப் பாத்ததுல வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாப் பாத்தார்.

சனிக்கிழமை சம்பளம் போட்டப்புறம் அந்தம்மா வந்து, "தம்பி, அப்ப இனிமே சுவிட்சை அணைச்சாப் போதுமா?"ன்னு கேட்டாங்க. போதும்க்கா, ஆனா எக்ஸிட் அடிச்சுட்டு அணைங்க, மெனுவுல கடைசி நம்பர்னு காட்டினேன். பன்னெண்டு வருஷத்துல யாரும் அவங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்கலை. கையில ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டாங்க. அதை டெர்மினல் ஓரத்துல ஒட்டியும் வெச்சாங்க.

இதெல்லாம் பழங்கதை, இப்ப எதுக்குன்னு கேப்பீங்க. டெர்மினல் பொட்டிங்க போயிருச்சு, கெட்டி போகலை. இப்ப லினக்ஸ்ல அகெட்டின்னு பேரு. இனிட்டேப்பை சிஸ்டம்டி முழுங்கிருச்சு. டேட்டா சென்டர் சர்வர்ல நெட்வொர்க் செத்தா உள்ள போறதுக்கு சீரியல் கன்சோல்தான் கதி. அதுல டெர்மினல் என்னன்னு வேற எதுவும் சொல்லாட்டி சிஸ்டம்டி வெக்கற பேரு விடி220, அது 1983-ல வந்த டெர்மினல்! வேகம் மட்டும் 9600-லேருந்து 115200 ஆயிருக்கு. அந்தச் சின்ன ஏ, பெரிய ஏ விவகாரம் இப்ப சி-லோக்கல்னு ஒரு கொடி. அது ஆன்ல இருந்தா 'எட்டாம் பின்னைப் பாக்காதே'. எஸ்டிடிஒய் கட்டளையில முன்னாடி ஒரு கழித்தல் குறி போட்டு ஆஃப் பண்ணலாம்.

ராஸ்பெரி பை வெச்சு விளையாடறவங்க கொஞ்சம் கவனிங்க. அதுல சீரியல் கன்சோலுக்கு நாம மாட்டறது எத்தனை கம்பி? அனுப்ப, வாங்க, பூமி. மூணே மூணு. அங்க ஆள் இருக்கான்னு சொல்ற கம்பியே மாட்டறதில்ல. ரூட்டா உள்ள போயிட்டு, எக்ஸிட் அடிக்காம கேபிளைப் பிடுங்கினீங்கன்னா, ஷெல் அங்கயே உக்காந்திருக்கும். அடுத்து யார் சொருகினாலும் ரூட்டுதான். சி-லோக்கலை மாத்தியும் பிரயோஜனம் இல்ல, பாக்கறதுக்குப் பின் இருந்தாத்தானே. அதுக்கு பாஷ்-ல டிஎம்அவுட்-னு ஒரு மாறி இருக்கு. அதுல 300-னு போட்டா, அஞ்சு நிமிஷம் யாரும் ஒண்ணும் தட்டலேன்னா ப்ராம்ப்ட்ல நிக்கற ஷெல் தானா செத்துரும். எடிட்டரையோ வேற நிரலையோ திறந்து வெச்சுட்டுப் போனா அது வேலை செய்யாது, அங்க நாமதான் மூடணும். ப்ரொஃபைல் கோப்புல ஒரு வரி சேத்து எக்ஸ்போர்ட் பண்ணி, ஒரு தடவை வெளிய போய் உள்ள வந்து, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து பாருங்க.